ஏலாவுக்கு அக்கரையில் தெரிந்த பச்சை வெளிச்சம்

என் கைவேலையைப் பற்றி ஊரில் நல்ல வார்த்தை சொன்னவர் ஒருவரும் கிடையாது. நான் மாட்டிய தாழ்ப்பாளை வீட்டுக்காரர்களால் திறக்க முடியாது, திருடனால் முடியும். நான் கட்டிய கூட்டுக்குள் கோழி நுழைய மறுத்துவிட, கீரி குடியேறியது. ஒரு குடைக்கம்பியைச் சரிசெய்யப் போய் மூன்று குடைகளைக் குப்பையில் போட்டவன் நான். இப்படிப்பட்ட கையிலிருந்து பிறந்த சாமான்களில் உருப்படியாக வேலை செய்தது ஒன்றே ஒன்று. மின்கம்பியோ மண்ணெண்ணெயோ புகையோ இல்லாமல் எரிந்த ஒரு குப்பி விளக்கு. அதுவும் மற்றவற்றைப் போலக் கெட்டுத் தொலைந்திருந்தால் என் வீட்டில் ஒரு டீச்சர் இருந்திருப்பாள்.

எல்கைப் போராட்டம், அதாவது எல்லைப் போராட்டம், சூடுபிடித்திருந்த காலம். பாறசாலைக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. எல்கை எங்கே விழும், எங்கள் ஊர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதைத் தவிர சாயாக்கடையில் வேறு பேச்சில்லை. நான் நெய்யாற்றின்கரைப் பதிவுக் கச்சேரிக்கு எதிரே உட்கார்ந்து ஆதாரம் எழுதுகிறவன். நிலப் பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். லைசென்ஸ் கிடைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கிழக்கே இன்னாருடைய மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம், மேற்கே தோடு என்கிற ஓடை, வடக்கே இடவழி என்று பகலெல்லாம் மலையாளத்தில் எல்கை எழுதுவேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, தமிழில் எல்கை கேட்டுத் தொண்டை கிழியக் கத்துவேன். கத்துவது எப்போதும் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுதான். ஓடுவதற்கு அதுதான் தோதான இடம்.

என் மனைவி என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள், பின்னாலும் அப்படித்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அதனாலேயே இரண்டு முறை படிப்பு நின்று, இரண்டு முறையும் தானே மறுபடி போய் உட்கார்ந்து, ஆசிரியைப் பயிற்சியை முடித்திருந்தாள். கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பாஸானால் அந்த இடம் அவளுக்கு என்று மேனேஜரே சொல்லியிருந்தார். கல்யாணமான பெண்கள் கேட்கிற பட்டு, பதக்கம் ஒன்றும் அவள் என்னிடம் கேட்டதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

படிக்க நேரம் எங்கே? பகல் முழுக்க மாட்டுக்கும் மரச்சீனிக்கும் என் அம்மாவுக்கும். சாயங்காலம் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தைத் திறந்தால் மண்ணெண்ணெய்ப் புகை நெஞ்சில் ஏறும். கால்மணி நேரத்தில் இழுப்பு வந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடுவாள். புத்தகம் அவள் மடியிலேயே கிடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இழுப்பு உள்ளவர்களைச் சிரிக்க வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பது அந்த அறிவாளிக்குத் தெரியாது.

டார்ச் லைட் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பிறகு போலீசும் அதையேதான் கேட்டது. ஆனால் அந்த நாட்களில் இருட்டியபின் டார்ச்சோடு நடக்கிறவனை எல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். தலைமறைவானவர்களுக்குச் சோறு கொண்டு போகிறான் என்று ஒரு சந்தேகம். வீட்டில் டார்ச் இருப்பதே ஆபத்து என்று நான் நினைத்தேன். ஆபத்தில்லாத ஒன்றைச் செய்துவிடலாம் என்று கிளம்பினேன். என் புத்திசாலித்தனத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குப்பி கிடைத்தது அதியன்னூரில். ஒரு பெரிய வீட்டுக்குப் பாகப்பத்திரத்தில் கையொப்பம் வாங்கப் போயிருந்தேன். அங்கே பலாமரத்தடிக் குப்பையில் அது கிடந்தது. எட்டுப் பட்டை வெட்டிய பச்சைக் கண்ணாடி, தோளில் திராட்சைக் குலை, கழுத்தில் ஒரு வளையம். சீமைச் சாராயத்தை யாரோ குடித்துவிட்டு வீசியிருந்தார்கள். அத்தனை அழகான சாமானைக் குப்பையில் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. குடைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் எங்கள் சபையின் மூப்பர். குடைக்குள்ளிருந்து குப்பியின் கழுத்து எட்டிப் பார்த்தது. மூப்பரும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் குடியைப் பற்றியது. ஏழு முறை என் பக்கம் பார்த்துப் பேசப்பட்டது, எண்ணினேன்.

அம்மா குப்பியை வீட்டுக்குள் விடவில்லை. மூன்று நாள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தபின்தான் வாசல்படி ஏறியது. அப்புறம் என் தொழிற்சாலை தொடங்கியது. குப்பியின் அடியை அறுத்தால்தான் உள்ளே பல்பு வைக்க முடியும். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தி, எரிந்து தீர்கிற நேரத்தில் தண்ணீரில் முக்கினால், நூல் போன வழியிலேயே கண்ணாடி விட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒத்திகைக்கு எடுத்த தலையெண்ணெய்க் குப்பிகள் நான்கும் நூல் போகாத வழியிலெல்லாம் விட்டுப்போயின. பச்சைக் குப்பிக்கு முறை வந்தபோது என் மனைவியே நூலை வாங்கி, இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கிக் கட்டினாள். "முக்கும்போ கண்ணை மூடாதீங்க அத்தான்" என்றாள். நான் மூடிக்கொண்டுதான் முக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். அடி தனியே கழன்றிருந்தது, கத்தி வைத்து அறுத்த மாதிரி. விளிம்பை அவள் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினாள். யோசித்துப் பார்த்தால் அந்த விளக்கு நான் செய்ததே இல்லை.

பலாக்கட்டையில் ஒரு பீடம். அதன்மேல் இரண்டு பேட்டரிக் கட்டை, வாழைநாரால் சேர்த்துக் கட்டியது. சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய செம்புக் கம்பி, ஒரு டார்ச் பல்பு. கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு முதலில் மூன்று கட்டை வைத்தேன். பல்பு ஒருமுறை மின்னலடித்து உயிரை விட்டது. இரண்டாவது பல்புக்கு அடக்கமாக இரண்டு கட்டை. சுவிட்சுக்குப் பதில் ஓர் ஊக்கு. அதன் நுனியைப் பித்தளை ஆணிமேல் வைத்தால் எரியும், எடுத்தால் அணையும். மேலே குப்பியைக் கவிழ்த்துப் பீடத்தோடு கட்டினால் வேலை முடிந்தது. கழுத்து வளையத்தைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஏற்றிய முதல் சாயங்காலம் அம்மாகூட அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். காற்றுக்கு ஆடாத வெளிச்சத்தை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை.

வெளிச்சம் பச்சை. புத்தகத்து எழுத்தெல்லாம் பாசி பிடித்த மாதிரி இருந்தது. புத்தகத்தைக் குப்பியோடு ஒட்டிவைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் புகை இல்லை, மணம் இல்லை. சன்னலைத் திறந்து, சன்னல்படியில் விளக்கை வைத்து, ஏலாவிலிருந்து வரும் காற்றை வாங்கிக்கொண்டே படித்தாள். ஏலா என்பது வீட்டுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் வயல்பரப்பு. அரைநாழிகை போயிற்று, ஒரு நாழிகை போயிற்று, இழுப்பு வரவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது கையால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது. விம்மி முடிவதற்குள் கட்டை மங்கத் தொடங்கிவிட்டது.

பேட்டரிக் கட்டை அன்று சுலபத்தில் கிடைக்கிற சாமான் இல்லை. பாதி நாள் கடையடைப்பு. திறந்த நாளில் பஸ் இல்லை. தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பார்கள். எங்கள் முற்றத்தில் மரச்சீனி வற்றலோடு பேட்டரிக் கட்டையும் காய்ந்தது. அது போதாதென்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விளக்கை ஏற்றி ஒரு பத்தி படிப்பாள். ஊக்கை எடுத்து அணைப்பாள். இருட்டில் அந்தப் பத்தியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். எங்கேயாவது விட்டுப்போனால் மறுபடி ஏற்றிச் சரிபார்ப்பாள். இப்படிப் படித்தால் இரண்டு கட்டை ஒரு வாரம் வரும். பாடமும் மனசில் ஆணியடித்த மாதிரி நிற்கும். தினமும் விளக்கு வைக்கிற நேரம் தொடங்கி இரண்டு மணி நேரம் எங்கள் சன்னலில் ஒரு பச்சை வெளிச்சம் எரிந்தும் அணைந்தும் கிடந்தது.

ஏலாவுக்கு அக்கரையில் மூடிக்கிடந்த ஒரு கட்டடத்தில் போலீஸ் கேம்ப். தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த பிறகு வடக்கேயிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தேடப்படுகிற போராட்டக்காரர்கள் எங்கள் பக்கத்து விளைகளில் ஒளிந்திருப்பதாக அவர்களுக்குத் தகவல். காவலுக்கு நிற்கிறவன் கண்ணுக்கு நேரே இருப்பது எங்கள் சன்னல்.

ஒருநாள் காலையில் சாயாக்கடைக்காரர் என் கையில் கிளாஸைக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எலே மக்கா, உன் வீட்டு சன்னல்ல பச்ச வெளிச்சம் உண்டாமே. கேம்புல இருந்து ஒருத்தன் வந்து விசாரிச்சான். மின்னுது, அணையுது, மின்னுது, அணையுதுன்னு."

"கப்பலுக்கு வழி காட்டுதேன் அண்ணா" என்றேன். "ஏலா வழியா வாற கப்பலுக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "காலம் செரியில்ல கேட்டியா. நேரா அங்க போ. பெஞ்சாதி படிக்குது, அதாக்கும் வெளிச்சம்னு உள்ளத சொல்லிட்டு வந்துரு" என்றார்.

போயிருக்கலாம். ஐந்து நிமிட நடை. ஆனால் பெஞ்சில் கிடைத்த சிரிப்பின் ருசி நாக்கிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில் நான் சன்னலில் உட்கார்ந்தேன். ஊக்கைப் பிடித்து, நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று, மறுபடி நீளமாக என்று வாய்க்கு வந்த தாளத்துக்கு மின்னவிட்டேன். அக்கரையில் ஒரு டார்ச் எரிந்தது. பிறகு நான்கு. பிறகு அவை வரிசையாக வரப்பில் ஓடிவந்தன. நான் நிறுத்தினேன். அவையும் நின்றன. நான் மின்னினேன். அவை ஓடின. ஒரு டார்ச் திடீரென்று தாழ்ந்து சேற்றுக்குள் அணைந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு சிரித்தேன். நான்கு போலீஸ்காரர்களை ஓர் ஊக்கு நுனியில் ஆட்டிவைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவள் வந்து பார்த்துவிட்டாள். விளக்கை வாங்கித் தள்ளி வைத்தாள். "இது எனக்குள்ள விளக்காக்கும். உங்களுக்கு விளையாட வேற சாமானம் இல்லியா?" என்றாள். மறுநாள் சாயாக்கடையில் நான் ராஜா. மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டார்கள். அன்று சாயங்காலமும் அவள் தொழுவத்துக்குப் போனதும் ஒரு ஆட்டம் காட்டினேன். வரப்பில் ஒரு டார்ச்சும் அசையவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். போலீசுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது காலையில் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சிரமமே கொடுக்கவில்லை, விளக்கு சன்னலிலேயே இருந்தது. அதை எடுத்தார்கள். அவளுடைய நோட்டுகள் ஐந்தையும் எடுத்தார்கள். மறக்காமல் இருக்க அவள் வரிகளுக்குக் கீழே கோடும் ஓரத்தில் புள்ளியும் நட்சத்திரமும் போட்டிருந்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? ஹால் டிக்கெட் மூன்றாவது நோட்டுக்குள் இருந்தது. அதுவும் போயிற்று. கூடவே நானும் போனேன், சட்டைக் காலரில் ஒரு கை இருந்ததால்.

கேம்பில் சப் இன்ஸ்பெக்டர் விளக்கை மேசைமேல் வைத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது ஆரா கத்திச்சது?" என்று கேட்டார். யார் இதை ஏற்றியது என்கிறார். நான் ஆயுளில் முதல்முறையாகத் தமாஷ் பேசாமல் நின்றேன். அவர் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அந்த மனுஷன் மூன்று வாரமாக எங்கள் சன்னலுக்கு ஒரு சரித்திரமே எழுதி வைத்திருந்தார். இன்ன நேரம் எரிந்தது, இன்ன நேரம் அணைந்தது என்று தேதி வாரியாக ஒரு நோட்டு. கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் பக்கம் முழுக்கக் கோடு, பெரிதும் சிறிதுமாக. இதை ஏற்றியவன் நாளைக்கு வண்டியில் தலைநகரத்து லாக்கப்புக்குப் போவான், யாருக்குச் சேதி சொன்னான் என்று அங்கே கேட்டுக்கொள்வார்கள் என்றார் சப் இன்ஸ்பெக்டர். கன்னத்தில் இரண்டு விழுந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே" என்றேன். லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம். போலீஸ் கேஸ் உள்ளவனுக்கு எந்தக் கச்சேரியும் ஆதாரம் எழுத விடாது. அடி வாங்கிய கன்னத்தைவிட அதுதான் மனசில் எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு அவள் ஏலாவைக் கடந்து தனியாக வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது, மூச்சில் லேசாக விசில் சத்தம். ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மூன்று நாளில் பரீட்சை என்று சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் விளக்கைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார்.

"நானாக்கும் ஏத்துனேன். படிக்கதுக்கு."

எப்படி என்று கேட்டார். அவள் ஒரு நோட்டை எடுத்தாள், ஊக்கை ஆணிமேல் வைத்தாள், ஒரு பத்தி படித்தாள், அணைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கு சொல்லிக்கொடுக்கும் முறை என்னவென்று வரி பிசகாமல் சொன்னாள். கேம்பில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கான்ஸ்டபிள் தன் நோட்டைப் புரட்டி, எரிந்த நேரமும் அணைந்த நேரமும் ஒத்துவருகிறது என்று தலையை ஆட்டினார். சப் இன்ஸ்பெக்டர் முகத்தில்கூட ஓர் இளக்கம் வந்தது. பிறகு அவர் கடைசிப் பக்கங்களைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். இந்த இரண்டு நாளும்? இந்த வேகத்தில் எந்தப் பாடத்தைப் படித்தாய்?

அவள் கோடுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவசரப்படாமல் பார்த்தாள். ஒரு மனிதன் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லப் போதுமான நேரம் அது. பெஞ்சில் எத்தனையோ வாக்கியம் உடனுக்குடன் வந்து விழுந்த வாய்தான். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரல் நகத்தில் சேறு காய்ந்திருந்தது.

"அதும் நானாக்கும்" என்றாள். "இழுப்பு வந்தா கை நடுங்கும். ஊக்கு ஒரு இடத்துல நிக்காது."

அவர் நம்பினாரா தெரியாது. சொன்னதை எழுதச் சொல்லிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். எதிரே மூச்சுக்கு இழுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணை வண்டியில் ஏற்றி என்ன செய்வது என்று யோசித்திருப்பார். நோட்டுகளையும் ஹால் டிக்கெட்டையும் என்னையும் கொடுத்து அனுப்பினார். விளக்கு அவர் மேசையிலேயே இருந்தது. திரும்பும்போது வரப்பில் அவள் முன்னால் நடந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பரீட்சைக்கு மூணு நாளு உண்டு. பேசாம வாங்க" என்றாள். அந்த மூன்று நாளும் அம்மா மாட்டையும் அடுப்பையும் தானே பார்த்துக்கொண்டாள். என் மனைவி பகல் வெளிச்சத்தில் படித்தாள். பரீட்சை எழுதினாள். நல்ல மார்க்கோடு பாஸானாள்.

நியமன உத்தரவு வரும் என்று காத்திருந்தபோது எல்கை முடிவாகிவிட்டது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். அவள் பிறந்த வீடு வேறு மாநிலமாயிற்று. மாமனார் வீட்டுக்குப் போவதென்றால் இனிக் காலையில் கேரளத்தில் கிளம்பி மத்தியானம் தமிழ்நாட்டில் இறங்க வேண்டும் என்று பெஞ்சில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரித்தவர்களின் கண் சிரிக்கவில்லை. என் கண்ணும்தான். ஊர்வலம் போன வழியில் புல் முளைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து அவளுக்கு உறை வந்தது.

கச்சேரி மலையாளம் எனக்குத்தான் பழக்கம் என்பதால் என்னிடம் கொடுத்தாள். அடுக்களையில் நின்று படித்தேன். முதலில் மனசுக்குள். பிறகு அவளுக்காகத் தமிழில். மனுதாரர் போராட்டக் காலத்தில் சந்தேகத்துக்கு இடமாக விளக்கை மின்னச் செய்ததாகத் தானே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் பள்ளியில் நியமிக்க இயலாது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அத்தனை ஒழுங்காக நான் எதையும் படித்ததில்லை.

அவள் அரிசி களைந்த தண்ணீரை வடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"அப்போ ஆட்சேபணை எழுதலாம் இல்லியா?"

"எழுதலாம்."

"உள்ளத எழுதுங்க அத்தான். வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்றே எழுதினேன். ஊரார் பலருக்கும் மனு எழுதிக் கொடுத்த கைதான், ஆனாலும் இதைப்போல ஒன்று அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. மேற்படி இரண்டு நாட்களும் விளக்கை மின்னச் செய்தது கீழே கையொப்பமிட்டுள்ள நானே, வேடிக்கைக்காகச் செய்தேன், என் மனைவிக்கு அதில் பங்கில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டு பக்கம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, உறையை அவளே ஒட்டினாள்.

தபாலாபீஸ் நான் உட்காருகிற இடத்திலிருந்து நான்காவது கட்டடம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனேன். என் மேசைக்கு முன்னால் மூன்று பேர் ஆதாரத்துக்குக் காத்திருந்தார்கள். நான் கையொப்பம் போட்டு அனுப்பினால் அடுத்த மாதம் அந்த மேசை இருக்காது. அவளுக்கு வேலை கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. வீட்டில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது? இப்படி எனக்கு நானே ஒரு வக்கீலை வைத்து வாதாடினேன். வக்கீல் கெட்டிக்காரர், முப்பது நாளும் தோற்கவில்லை. முதல்நாள் சாயங்காலமே, போட்டாச்சா என்று அவள் கேட்டபோது, போட்டாச்சு என்று சொல்லியிருந்தேன். உறை என் பைக்குள் பழைய நகல்களுக்கு அடியில் இருந்தது. கிழித்துப் போடும் தைரியமும் எனக்கில்லை.

அவள் காத்திருந்தாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருவாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். அவர் கையை விரித்தால் உள்ளே போய்விடுவாள். அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலியில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தார். கச்சேரிக் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் போயிற்று. பிறகு எப்போதோ தபால்காரர் மணி அடித்தாலும் அவள் அடுக்களையை விட்டு வெளியே வராமலானாள். அது எந்த மாதத்தில் என்று எனக்குத் தெரியாது. கவனித்திருக்க வேண்டியவன் நான்தான்.

போலீசைச் சேற்றில் ஓடவிட்ட கதை மட்டும் ஊரில் செழிப்பாக வளர்ந்தது. கல்யாண வீட்டுப் பந்தல், பண்டிகைச் சாப்பாடு, எங்கே போனாலும் என்னைச் சொல்லச் சொல்வார்கள். நான்கு டார்ச் பத்தானது. சேற்றில் விழுந்த ஒருவர் மூன்று பேரானார். எல்கைப் போராட்ட வீரன் என்று ஒருவர் என் தோளில் துண்டுகூடப் போட்டார். நான் மறுக்கவில்லை. கதை எப்போதும் சேற்றிலேயே முடிந்துவிடும். கேம்புக்குள் அது ஒருநாளும் போனதில்லை.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, என் மகன் வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் வந்திருந்த ஒரு மத்தியானம். வராந்தா முழுக்க ஆள். யாரோ கேட்க, அந்தச் சேற்றுக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். அப்போது பார்த்துத் தபால்காரர் கேட்டில் மணி அடித்தார், ஒரு கல்யாணக் கடிதாசோடு. வந்தவர்களுக்குச் சாயா கொண்டு வந்த என் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, அந்த ஆட்சேபணைக்கு பதிலு ஒண்ணும் வரல்லியா?"

தபால்காரர் புதுப் பையன். பைக்குள் தேடிப் பார்த்துவிட்டு, எந்த ஆட்சேபணை அம்மா என்று கேட்டான்.

"அத்தானுக்கு தெரியும்" என்று சொல்லிவிட்டு, முதல் கிளாஸை என் கையில் கொடுத்தாள்.